இடிக்கிற கைக்கு ஏலம் எடுக்கவும் தெரிய வேண்டும்

அன்னவாசல் கடைவீதியில் காலை ஆறரை மணிக்கு நிற்கிற ஆட்களைப் பார்த்தாலே யார் எந்த வேலைக்குப் போகிறார் என்று சொல்லிவிடலாம். கரண்டியும் மட்டப்பலகையும் வைத்திருப்பவர் கொத்தனார். தூக்குச் சட்டியும் சும்மாடும் வைத்திருப்பவர் சித்தாள். கடப்பாரையும் சம்மட்டியும் சைக்கிளில் கட்டியிருப்பவரிடம் மட்டும், "என்ன வேலை?" என்று கேட்டால் பதில் சற்றுத் தயங்கி வரும். "சும்மா... வீடு பிரிக்கிற வேலை."

வீடு கட்டுகிறவனுக்கு உள்ள மரியாதை வீடு பிரிக்கிறவனுக்குக் கிடையாது. ஊர்ப்புறத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் சேரியிலிருந்துதான் ஆள் கூப்பிடுகிறார்கள். தூசு, மண், பாம்பு, பூரான், விழப்போகிற சுவர் என்று எல்லாம் இருக்கிற வேலை என்பதால் வேறு யாரும் முன்வருவதில்லை. கூலி வாங்கிக்கொண்டு மாலையில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்து எடுத்த தேக்கு உத்தரமும் கம்பியும் நிலைக்கதவும் வேறொருவர் லாரியில் ஏறிப் போகும். லாபம் முழுவதும் அந்த லாரியில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் நம் பிள்ளைகள் முன்னுக்கு வர நினைத்தால் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இடிப்பு என்பது இன்று பெரிய தொழில். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தது நினைவிருக்கலாம். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கி வேலை செய்த கூலித் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடமும் ஆபத்தானது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று மாலை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சில விநாடிகளில் கட்டடம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதைச் செய்தது வெளிநாட்டுக் கம்பெனி அல்ல, திருப்பூரைச் சேர்ந்த மேக்லிங்க் என்ற நிறுவனம்.

கேரளத்தில் கொச்சி அருகே மரடுவில் கடற்கரை விதிகளை மீறிக் கட்டிய அடுக்குமாடிகளை இடிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்கள் தகர்க்கப்பட்டன. அதில் இரட்டைக் கோபுரம் ஒன்றை எடுத்துச் செய்தது சென்னையின் விஜய் ஸ்டீல்ஸ். மற்றவற்றைச் செய்த மும்பை எடிஃபிஸ் நிறுவனம், தென்னாப்பிரிக்காவின் ஜெட் டெமாலிஷன் நிறுவனத்தோடு சேர்ந்து 2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவில் ஏறத்தாழ நூறு மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தைச் சாய்த்தது. அதற்குச் சுமார் 3,700 கிலோ வெடிபொருள் ஆனது. விழுந்து முடிய பத்து விநாடிகூட ஆகவில்லை. ஆனால் அந்தச் சில விநாடிக்காகத் தூண்களில் துளை போடவும், வலை கட்டவும், பக்கத்துக் கட்டடங்களில் அதிர்வை அளக்கவும் பல மாதம் வேலை நடந்தது. அத்தனை மாதமும் அங்கே நின்றவர்கள் துளை போடுகிற தொழிலாளி, கம்பி வெட்டுகிற தொழிலாளி, மேற்பார்வையாளர், சர்வேயர், கட்டமைப்புப் பொறியாளர். வெடித்த விநாடியைத்தான் நாம் டிவியில் பார்த்தோம், பிழைப்பு என்னவோ அந்த மாதங்களில்தான்.

இதைச் சொல்வதால், நாளைக்கே வெடி வைக்கப் போகலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் பக்கத்தில் கல்குவாரிகள் அதிகம். குவாரியில் வெடி பார்த்த துணிச்சலில் பழைய கிணற்றுச் சுவருக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் தோட்டா வைத்தவர்கள் கதை எல்லா ஊரிலும் ஒன்று உண்டு. 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் இல்லாமல் அதைத் தொடுவதே குற்றம். சுரங்கத்திலும் குவாரியிலும் வெடி வைப்பவருக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் தேர்வு வைத்துப் பிளாஸ்டர் சான்றிதழ் தருகிறது. குவாரியில் முறையாகப் பதிவேட்டில் பெயரோடு வேலை பார்க்கிற இளைஞர்கள் அந்தத் தேர்வைப் பற்றி விசாரிக்க வேண்டும். கூலிக்குத் துளை போடுகிற கைக்கும் சான்றிதழ் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிற கைக்கும் சம்பளத்தில் இருக்கிற தூரம் கொஞ்சமல்ல. சித்தன்னவாசல் பாறையைப் பார்த்து வளர்ந்த நம் ஆட்களில், கல்லை எங்கே தட்டினால் எப்படிப் பிளக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால் அதற்கொரு காகிதம் மட்டும் கிடையாது.

அமெரிக்காவில் ஜாக் லோய்சோ என்பவர் மரத்தின் அடிக்கட்டைகளை வெடிவைத்துப் பெயர்க்கிற சிறிய வேலையில்தான் தொடங்கினார். பிறகு புகைபோக்கி, பாலம், கட்டடம் என்று போய், குடும்பத்தோடு உலகம் முழுக்க ஒப்பந்தம் எடுக்கிற கம்பெனியாக வளர்ந்தது. நாம் அவரல்ல, நம் ஊர் அமெரிக்காவும் அல்ல. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். அவர் அடிக்கட்டையைப் பெயர்த்துவிட்டுக் கூலியோடு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வேலையின் ஒப்பந்தத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

நமக்கு அடுத்த வேலை எங்கே இருக்கிறது? ஊராட்சி ஒன்றிய அலுவலக அறிவிப்புப் பலகையில். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க அரசு உத்தரவிட்டது. பழைய பள்ளி, அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, சமுதாயக் கூடம் ஆகியவற்றை இடித்து அப்புறப்படுத்தப் பொது ஏலம் விடுவதாக அறிவிப்பு வரும். அப்படி ஏலம் எடுப்பவர் அரசுக்குப் பணம் கட்டி, கட்டடத்தை இடித்து, கம்பி, மரம், கதவு, ஜன்னல், செங்கல் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். தனியார் வீடுகளிலும் பாதி இப்படித்தான். நல்ல மரம் இருந்தால் காண்ட்ராக்டர் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பார். ஒன்றும் தேறாத வீடு என்றால் வீட்டுக்காரர் காண்ட்ராக்டருக்குக் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டடத்துக்கு எது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் பிழைப்பார்.

அந்தக் கணக்கு ஒன்றும் மந்திரமில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். 25 அடி நீளம், 20 அடி அகலம், 5 அங்குல கனமுள்ள ஒரு கான்கிரீட் தளம் என்று வைத்துக்கொள்வோம். 500 சதுர அடி. கன அளவு சுமார் 208 கன அடி, அதாவது ஏறத்தாழ 6 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ என்றால் மொத்தம் 14 டன். நம் ஊர் யூனிட் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) கெட்டியாக இரண்டு யூனிட். ஆனால் உடைத்துப் போட்டால் இடைவெளி விழுந்து மூன்று யூனிட்டாவது ஆகிவிடும். டிப்பர் வாடகையைக் கணக்கிடும்போது புதிதாக இறங்குகிறவர்கள் கோட்டை விடுவது இந்த ஒரு யூனிட்டில்தான். கம்பி? சாதாரண வீட்டுத் தளத்தில் கன மீட்டருக்கு 80 கிலோ என்று குத்துமதிப்பாக வைத்தால் 470 கிலோ வரும். சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு மூலையைக் கொத்திப் பார்த்து, கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் அளந்துகொள்ள வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 8 எம்.எம். கம்பி மீட்டருக்கு 395 கிராம், 10 எம்.எம். 617 கிராம். துருப்பிடித்ததற்குக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் ஏலத்தில் எவ்வளவு வரை கேட்கலாம் என்பது தெரிந்துவிடும். பள்ளியில் படிக்கிற பிள்ளை இதை அப்பாவுக்குப் போட்டுக் கொடுக்கலாம்.

பழைய மரம் என்றால் கணக்கு இன்னும் பெரிது. திருமயம் பக்கம் போனால் செட்டிநாட்டு வீடுகள். பர்மாத் தேக்குத் தூணும் வேலைப்பாடுள்ள நிலையும் உள்ள வீடுகள் எத்தனையோ பிரிக்கப்பட்டுவிட்டன. அந்தத் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய், அங்கிருந்து ஓட்டல்களுக்கும் பணக்காரர் பங்களாக்களுக்கும் போகின்றன. அப்படிப்பட்ட வீட்டைப் பிரிக்கச் சம்மட்டி உதவாது. எந்த முளையை முதலில் கழற்றுவது, உத்தரத்தை இறக்கும் முன் எங்கே முட்டுக் கொடுப்பது என்று தெரிய வேண்டும். சிதையாமல் இறக்கிய தூணும் பிளந்துபோன தூணும் ஒரே விலைக்குப் போகாது. இந்தக் கைவேலை தெரிந்த ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சம்மட்டி அடிக்கிறவருக்கும் ஒரே கூலிதான் கொடுக்கிறார்கள். கூடுதலாகக் கேட்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து கேட்டால் பேச்சாவது நடக்கும்.

என் தாய்மாமா இந்த வேலைக்குப் போனவர். ஒரு பழைய மாடி வீட்டில் சன்ஷேடின் மேல் நின்றுகொண்டு, அதற்கு மேலே இருந்த சுவரை உடைத்தார். சன்ஷேடோடு கீழே வந்துவிட்டார். இடது கால் ஒடிந்தது. அழைத்துப் போன காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரி வாசலில் ஐந்நூறு ரூபாயை என் அத்தை கையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. மாமாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஏன் விழுந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்து ஒரு சிவில் படித்த நண்பர் சொல்லித்தான் புரிந்தது. சன்ஷேடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது தன் பலத்தால் அல்ல. அதன் வால் சுவருக்குள் இருக்கிறது, அதன்மேல் உள்ள சுவரின் பாரம்தான் அதைக் கவிழாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. மேல்சுவரை எடுத்தால் பிடி போய்விடும். ஆகவே முதலில் சன்ஷேடை, கீழே முட்டுக் கொடுத்தோ வெளியே சாரம் கட்டியோ, நுனியிலிருந்து உடைத்து எடுக்க வேண்டும். பிறகுதான் சுவர். பால்கனிக்கும் இதே நியாயம். கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில், மேலிருந்து கீழாகப் பிரிக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்கும் முன்னால் மின் இணைப்பைத் துண்டித்ததாக மின்வாரியத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். உடைத்த கல்லைத் தளத்தின் மேலேயே குவிக்கக் கூடாது, தளம் தாங்காது. சுவரின் அடியைக் குடைந்து தள்ளிவிடுகிற பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். சீக்கிரம் முடியும் என்று செய்கிறார்கள், சுவர் எந்தப் பக்கம் விழும் என்பது சுவருக்குத்தான் தெரியும். இதெல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4130 என்ற இடிப்புப் பாதுகாப்பு நெறியில் எழுதியே இருக்கிறது. இந்த நெறியைத் தமிழில் நாலு பக்கமாக அச்சடித்து ஏல உத்தரவோடு சேர்த்துக் கொடுத்தால் அரசுக்கு என்ன செலவாகிவிடும்?

பெரிய எந்திரம் வந்தால் ஆபத்து போய்விடும் என்பதும் சரியல்ல. 2017 மே மாதக் கடைசியில் சென்னை தியாகராய நகரில் தீப்பிடித்த ஜவுளிக்கடைக் கட்டடத்தை ராட்சத எந்திரத்தால் இடித்தபோது, எந்திரத்தை இயக்கிய இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சிங்கப்பூரில் விதிகள் கடுமை என்று சொல்வோம். 2023 ஜூன் 15 அன்று அங்கே தஞ்சோங் பகார் பகுதியில் இடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் விழுந்து 20 வயது இந்தியத் தொழிலாளி இறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் பணம் கட்டிப் போகிற பிள்ளைகள், போகிற கம்பெனி கட்டுகிற கம்பெனியா, இடிக்கிற கம்பெனியா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். இடிக்கிற கம்பெனி என்றால் போகக் கூடாது என்பதல்ல. என்ன பயிற்சி, எத்தனை நாள் பயிற்சி என்று கேட்கத் தெரிந்து போக வேண்டும்.

பிரிட்டனில் இடிப்புத் தொழிலாளிக்குத் தனியாகத் தகுதி அட்டை இருக்கிறது. புதிதாக வருபவர், தேர்ந்த தொழிலாளி, உயரத்தில் நின்று பிரிப்பவர், மேற்பார்வையாளர், மேலாளர் என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. அட்டை இல்லாமல் பெரிய தளங்களில் நுழைய முடியாது. நம் பக்கத்தில் அப்படிக் கேட்பார் யாரும் இல்லாததால், இருக்கிற காகிதங்களை வைத்து நாமே படி கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 18 வயது முடிந்தவுடன் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்வது முதல் காகிதம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டு மத்தியச் சட்டம், கட்டுமானப் பணி என்பதற்குள் இடித்தலையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது. "நீ கட்டவில்லையே, இடிக்கத்தானே செய்கிறாய்" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம். புதுப்பிக்க மறந்துவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு.

அடுத்து கேஸ் கட்டிங், வெல்டிங். புதுக்கோட்டை அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்து வெல்டர் படித்த பையன் இடிப்புத் தளத்தில் கம்பி வெட்டப் போனால், கூட நிற்கிற உதவியாளரைவிட முதல் நாளே கூடுதல் கூலி. அப்புறம் ஹிட்டாச்சி, ஜே.சி.பி. ஓட்டுநர் வேலை. சும்மா கிளீனராகப் போய்ப் பழகி ஓட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் பெரிய கம்பெனியில் எடுக்க ஓட்டுநர் உரிமமும் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். தாட்கோ மூலம் ஆதிதிராவிடர் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சிகள் நடக்கின்றன, எந்தப் பயிற்சி எப்போது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிப்ளமோவும் பி.இ. சிவிலும் படித்துவிட்டு வேலை இல்லை என்று இருக்கிற பிள்ளைகளும் இந்தப் பக்கம் பார்க்கலாம். கட்டடம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று சோதிப்பது, அதிர்வை அளப்பது, இடிப்புத் திட்டம் எழுதுவது எல்லாம் படித்தவர் வேலை. மரடுவில் அதிர்வை அளந்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி. குழுவினர்.

எந்திரம் வாங்கலாமா? பலர் கேட்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு ரூ.1.5 கோடி வரை உண்டு, வட்டியில் 6 சதவீத மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிறிய அளவில் என்றால் தாட்கோவின் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.3.5 லட்சம். மானியம் நல்லதுதான். ஆனால் மானியத்துக்காக எந்திரம் வாங்கி, வேலை இல்லாமல் வாசலில் நிறுத்தி, தவணை கட்ட நகையை விற்ற குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். என் யோசனை: முதல் இரண்டு வருடம் எந்திரத்தை மணிக்கணக்கு வாடகைக்கு எடுங்கள். நாலைந்து சிறிய ஏலங்களை உங்கள் பெயரில் எடுத்து முடியுங்கள். ஜி.எஸ்.டி. பதிவும் இலவச உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். முடித்த வேலைக்கெல்லாம் சான்று வாங்கி வையுங்கள், அடுத்த டெண்டரில் அதைத்தான் கேட்பார்கள். வருடத்தில் எத்தனை மணி நேரம் எந்திரம் ஓடியது என்ற கணக்கு கையில் இருந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று அந்தக் கணக்கே சொல்லும். ஏலத்தில் நம் ஆள் கேட்கப் போனால் முறைத்துப் பார்க்கிற ஊர்களும் உண்டு. முன்பணத்தை வங்கி வரைவோலையாகக் கட்டி ரசீது வாங்கிவிட்டால், முறைப்பவர் என்ன செய்ய முடியும்? தனியாகப் போக வேண்டாம், அவ்வளவுதான்.

தூசியை விட்டுவிட்டேன். துண்டைக் கட்டிக்கொண்டு இடிப்பது போதாது. கான்கிரீட்டிலும் கல்லிலும் உள்ள சிலிக்காத் தூள் துண்டுக்குள் புகுந்து நுரையீரலில் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து கிடையாது. குவாரி வேலை பார்த்த நம் பெரியவர்கள் பலர் ‘இளைப்பு’ என்று சொல்லியே போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் தெளித்து உடைப்பதும், மருந்துக்கடையில் கிடைக்கிற என்-95 முகக்கவசமும் பெரிய செலவில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கவே கூடாது, நனைத்து முழுசாகக் கழற்ற வேண்டும்.

இந்தத் தொழிலில் நமக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. இதே அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக்கழிவு கலக்கப்பட்டது தெரிந்தபோது, அந்தத் தொட்டியை இடியுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சாதிச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டு வழி திறந்தது. இடிபட வேண்டியவை இப்படி இருக்க, புறம்போக்கு என்று சொல்லி நம் ஆட்களின் குடிசைக்கு முன்னால் வந்து நிற்கிற ஜே.சி.பி.யின் சீட்டிலும் நம் பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன? அவனுக்கு அன்றைய சம்பளம். ஆனால் 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், சில விதிவிலக்குகள் தவிர, 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டை இடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. எந்திரத்தை இயக்கும் முன் "உத்தரவைக் காட்டுங்கள் சார்" என்று கேட்க ஆபரேட்டருக்கும் வாய் இருக்கிறது.

மாமாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. கால் கொஞ்சம் சாய்ந்தே நடக்கும். சென்ற மாதம் அவரோடு புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நடந்தபோது, ஒரு பழைய கடையை இடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா நின்றுவிட்டார். மேலே சுவரில் நின்ற பையனைக் கைதட்டிக் கூப்பிட்டு, "தம்பி, சன்ஷேடை எடுத்தாச்சா?" என்று கேட்டார். பையன் காதில் பாட்டு கேட்கிற கருவி. அதைக் கழற்றி, "என்ன பெருசு?" என்றான். மாமா திரும்பவும் கேட்டார். பையன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, சம்மட்டியை வைத்துவிட்டு இறங்கி வந்தான்.